கல்லுக்கு அடைக்கலம் தந்த கவிஞர்

1831ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14, 15 ஆகிய இரு நாட்களில், சினங்கொண்ட ஒரு கூட்டம் பாரிஸ் நகரில் நோத்ர தாம் பேராலயத்தை ஒட்டி நின்ற பேராயர் மாளிகையைச் சூறையாடியது. அங்கிருந்த அரிய நூல்கள் செய்ன் ஆற்றில் எறியப்பட்டன. அருகில் நின்ற பேராலயமோ பல தலைமுறைகளின் பழுதுகளைச் சுமந்து, பொலிவிழந்து கிடந்தது. ஒரு திங்கள் கழித்து, மார்ச் 16ஆம் நாள், அந்தப் பேராலயத்தின் பெயரையே தலைப்பாகத் தாங்கிய புதினம் ஒன்று அதே நகரில் வெளிவந்தது. அதன் ஆசிரியர் விக்டர் ஹியூகோ. அப்போது அவருக்கு வயது 29.

யோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்னும் பெயரில் தமிழுக்குத் தந்த பெருநூலின் வழியாகவே தமிழ் வாசகர்கள் ஹியூகோவைப் பெரிதும் அறிவர். ஏழைகளுக்காக வழக்காடிய எழுத்தாளர் என்பதே அவரைப் பற்றி இங்கே நிலைத்திருக்கும் எண்ணம். அவர் கற்களுக்காகவும் வழக்காடியவர். இரண்டு வழக்குகளுக்கும் அடிப்படை ஒன்றே. காக்க ஆளில்லாத ஒன்றுக்கு அடைக்கலம் தருவது எழுத்தின் கடமை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை எங்கே முளைத்தது, எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதை அறிய, அவர் நுழைந்து பார்த்த பேராலயங்களின் வழியே அவர் வாழ்க்கையைத் தொடர்வது பொருத்தமாகும்.

சிறுவன் கண்ட கூடம்

ஹியூகோ 1802ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் பிரான்சின் கிழக்குப் பகுதியிலுள்ள பெசன்சோன் நகரில் பிறந்தார். தந்தை நெப்போலியனின் படையில் பணியாற்றித் தளபதியாக உயர்ந்தவர். தாயாரோ மன்னராட்சியின்பால் சாய்வுடையவர். ஆலயம் செல்லும் வழக்கத்தில் பற்றில்லாதவர். பெற்றோரிடையே இணக்கமில்லை. படை சென்ற ஊர்களுக்கெல்லாம் குடும்பமும் இடம் பெயர்ந்தது. பிள்ளைகளின் இளமை பாதி வழிப்பயணத்திலேயே கழிந்தது.

1811ஆம் ஆண்டு தந்தை பணியாற்றிய ஸ்பெயின் நாட்டுக்குத் தாயும் மூன்று மைந்தர்களும் புறப்பட்டனர். வழியில் புர்கோஸ் நகரின் பேராலயத்தினுள் ஒன்பது வயதுச் சிறுவன் நுழைந்தான். அது 1221ஆம் ஆண்டு கட்டத் தொடங்கப்பெற்ற கோதிக் பேராலயம். உயர்ந்த தூண்கள், இருண்ட சிற்றாலயங்கள், மேலே எட்டாத கூரை. அந்த அமைதிக்கு நடுவே, கடிகாரம் மணியடிக்கும்போதெல்லாம் வாயைத் திறந்து மூடும் பொம்மை ஒன்று உயரத்தில் இருந்தது. ஈ பிடிப்பவன் என்று பொருள்படும் பெயரால் அவ்வூரார் அதை அழைப்பர். தொழுகைக்குரிய இடத்தில் நகைப்புக்குரிய பொம்மை இருப்பதைச் சிறுவன் வியந்து பார்த்தான். அக்காட்சி அவர் குடும்பத்தார் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளிலும் இடம்பெற்றது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1827இல், 'கிராம்வெல்' என்னும் தம் நாடகத்துக்கு எழுதிய முன்னுரையில் ஹியூகோ புதிய இலக்கியக் கொள்கை ஒன்றை அறிவித்தார். உயர்ந்ததும் கோரமும் வாழ்க்கையில் ஒன்றாகவே இருக்கின்றன. கலையிலும் அவை பிரிக்கப்படக் கூடாது என்பது அதன் சாரம். பிரெஞ்சுப் புனைவியல் இயக்கத்தின் கொடியாக அம்முன்னுரை அமைந்தது. அதைப் படிப்போர்க்குப் புர்கோஸின் வளைகூரையும் அதன் கீழ் வாய் திறந்த பொம்மையும் நினைவுக்கு வருதல் இயல்பே.

மறைக்கப்பட்ட கற்கள்

இளம் ஹியூகோ தாயைப் போலவே மன்னராட்சியின் பக்கம் நின்றார். 1822இல் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. அரசரின் உதவித்தொகை கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அடேல் ஃபூஷே என்னும் நங்கையை மணந்தார். 1825ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் பத்தாம் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழா ரைம்ஸ் பேராலயத்தில் நடைபெற்றபோது, 23 வயதுக் கவிஞர் அழைப்புப் பெற்று எழுத்தாளர் ஷார்ல் நோதியேவுடன் அங்குச் சென்றார்.

பிரான்சின் மன்னர்கள் பல நூற்றாண்டுகளாக முடிசூடிய இடம் ரைம்ஸ். அதன் நடுக்கூடத்தின் கூரை ஏறத்தாழ 38 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஆனால் விழாவுக்கு வந்தோர் அந்தக் கூடத்தின் கல்லைக் காண இயலவில்லை. தூண்களையும் சுவர்களையும் மூடி, அட்டையாலும் வண்ணத் துணியாலும் ஒரு போலிக் கோதிக் கூடம் உள்ளே எழுப்பப்பட்டிருந்தது. உண்மையான கோதிக் கலையை மறைத்து அதற்கு முன்னே அதன் சாயலை நிறுத்தி வைத்த அந்த அலங்காரம் ஹியூகோவின் கண்ணை உறுத்தியது.

மன்னரைப் புகழ்ந்து அவர் பாடல் எழுதினார் என்பது உண்மை. அதே ஆண்டில், நாட்டின் பழங்கட்டடங்களை இடிப்போர்மீது போர் தொடுக்கும் கட்டுரை ஒன்றை எழுதவும் தொடங்கினார் என்பதும் உண்மை. புரட்சிக் காலத்தில் விற்கப்பட்ட மடங்களும் கோட்டைகளும் அப்போது கல்லுக்காகவே வாங்கி உடைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்கள் பழைய கோபுரங்களை இடித்துத் தெருவை அகலமாக்கின. ஒரு கட்டடத்தின் பயன் உடைமையாளரைச் சேரலாம், அதன் அழகோ எல்லோர்க்கும் உரியது, ஆகவே அதை அழிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்பது அவர் வாதம். 1832இல் அக்கட்டுரையை விரிவாக்கி வெளியிட்டபோது, பழங்கட்டடங்களைக் காக்க ஒரு சட்டம் வேண்டும் என்று வெளிப்படையாகவே கோரினார்.

நோத்ர தாமின் உள்ளே

1820களின் இறுதியில் ஹியூகோ நோத்ர தாம் பேராலயத்துக்கு மீண்டும் மீண்டும் சென்றார். நண்பர்களுடன் கோபுரத்தின் மீதேறிக் கதிரவன் மறைவதைப் பார்த்து வருவது அவர் வழக்கமாயிற்று. எங்கள் அன்னை என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய இப்பேராலயம், ஆயர் மோரிஸ் த சுல்லியின் காலத்தில் 1163ஆம் ஆண்டு கட்டத் தொடங்கப்பெற்றது. நீளம் ஏறத்தாழ 128 மீட்டர். மேற்கே நிற்கும் இரட்டைக் கோபுரங்களின் உயரம் 69 மீட்டர்.

உள்ளே நுழைவோர் முதலில் உணர்வது உயரம். நடுக்கூடத்தின் கூரை தரையிலிருந்து ஏறத்தாழ 33 மீட்டர் மேலே உள்ளது. கோதிக் கலைக்கு முந்தைய ஆலயங்களில் கற்கூரையின் பளுவைத் தடித்த சுவர்களே தாங்கின. சுவரில் பெரிய சாளரம் வைத்தால் கூரை சரியும். ஆகவே உட்புறம் இருண்டே கிடந்தது. பாரிசுக்கு அருகிலுள்ள சேன்-தெனி மடாலயத்தில், 1144இல் திருநிலைப்படுத்தப்பட்ட கீழ்ப்பகுதியில், கட்டடக் கலைஞர்கள் புதிய வழியைக் கண்டனர். கூரையின் பளுவை விலா எலும்புகள் போன்ற கல்வளைவுகளில் சேர்த்துத் தூண்களுக்கு இறக்கினர். வளைவுகளின் உச்சியைக் கூராக்கியதால் பளு பக்கவாட்டில் தள்ளுவது குறைந்தது. எஞ்சிய தள்ளலையும் பிற்காலக் கோதிக் ஆலயங்களில் வெளியே நின்ற முட்டுகள், காற்றில் பாலம்போல் தாவும் அரைவளைவுகளின் வழியாக ஏற்றுக்கொண்டன. இவ்வாறு சுவர் சுமையிலிருந்து விடுபட்டது. விடுபட்ட சுவரின் இடத்தை வண்ணக் கண்ணாடி நிரப்பியது.

நோத்ர தாமில் நடுக்கூடமும் குறுக்குக் கூடமும் சந்திக்கும் இடத்தில் நிற்பவர்க்கு, வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 13 மீட்டர் விட்டமுள்ள இரண்டு ரோஜா வட்டச் சாளரங்கள் எதிரெதிரே தோன்றும். இரண்டும் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் அமைந்தவை. வடசாளரத்தில் நீலமும் ஊதாவும் மிகுதி. வெயிலை நேரே பெறும் தென்சாளரம் நாளின் பொழுதுக்கேற்ப நிறம் மாறித் தரையில் விழும்.

ஹியூகோ கண்ட உட்புறம் இந்தப் பெருமைகளின் எச்சமாகவே இருந்தது. ரோஜாச் சாளரங்கள் தப்பியிருந்தன. ஆனால் வெளிச்சம் போதவில்லை என்று கருதி, நடுக்கூடச் சாளரங்களின் பழைய வண்ணக் கண்ணாடிகளை 18ஆம் நூற்றாண்டிலேயே அகற்றி வெற்றுக் கண்ணாடி பதித்திருந்தனர். சுவர்களுக்கு வெள்ளை பூசியிருந்தனர். 1699இல் தொடங்கிய திருப்பணியில் பலிபீடத்தைச் சூழ்ந்த கோதிக் தூண்களுக்குப் பளிங்குப் போர்வை அணிவித்திருந்தனர். ஊர்வலக் குடை தடையின்றி நுழைய வேண்டும் என்பதற்காக, கட்டடக் கலைஞர் சூஃப்ளோ 1771இல் நடுவாயிலின் மையத் தூணையே அகற்றியிருந்தார். கூரைமேல் நின்ற பழைய ஊசிக்கோபுரம் நலிந்து போய் அந்நூற்றாண்டின் இறுதியில் கழற்றப்பட்டது. 1793இல் புரட்சியாளர் மேற்கு முகப்பிலிருந்த 28 மன்னர் சிலைகளை வீழ்த்தினர். அவை விவிலியம் கூறும் யூதேய மன்னர்களின் உருவங்கள். அவற்றைப் பிரெஞ்சு மன்னர்களின் சிலைகள் என்றே மக்கள் நம்பினர். அவற்றுள் 21 தலைகள் 1977இல் பாரிஸ் மாளிகை ஒன்றின் முற்றத்துக்கு அடியில் கிடைத்தன.

இந்த இழப்புகளை ஹியூகோ மூவகையாகப் பிரித்தார். காலம் அரித்தது ஒன்று. புரட்சிகள் உடைத்தது மற்றொன்று. நாகரிகப் பாங்கு என்னும் பெயரால் கற்றறிந்த கலைஞர்களே செய்த சிதைவு மூன்றாவது. காலமும் புரட்சியும் தோலையும் சதையையும் புண்படுத்தின. கலைஞரின் மாற்றுருவாக்கமோ எலும்பையே தாக்கியது என்று அவர் கருதினார். இக்கருத்தே புதினத்தில் பேராலயத்தை விவரிக்கும் பகுதியின் உயிர்நாடி. அப்பகுதியைச் சுவைமிக்க வருணனை என்று மட்டும் படிப்போர் அதிலுள்ள குற்றப் பட்டியலைக் காணத் தவறுவர்.

ஒரு மைக்குப்பி

புதினத்துக்கான ஒப்பந்தம் கோஸ்லேன் என்னும் பதிப்பாளருடன் 1828இலேயே செய்யப்பட்டது. நாடகங்களின் பரபரப்பில் காலம் ஓடியது. 1830 பிப்ரவரியில் அரங்கேறிய 'எர்னானி' நாடகம் பழமைவாதிகளுக்கும் இளைஞர்களுக்கும் இடையே அரங்கிலேயே பூசலை மூட்டியது. பதிப்பாளர் பொறுமையிழந்தார். இறுதிக் கெடு வைக்கப்பட்டது. எழுதத் தொடங்கிய சில நாட்களில் ஜூலைப் புரட்சி வெடித்தது. உடைமைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றியபோது குறிப்பேடு ஒன்று தொலைந்தது. கெடு 1831 பிப்ரவரி வரை நீண்டது.

செப்டம்பரில் ஹியூகோ ஒரு புதிய மைக்குப்பியையும், கழுத்து முதல் கால்வரை மூடும் சாம்பல் நிறக் கம்பளி ஆடை ஒன்றையும் வாங்கினார். வெளியே செல்லும் ஆசை எழாதிருக்க, மற்ற உடைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பழைய பாரிசைப் பற்றிச் சோவால் போன்றோர் எழுதிய வரலாறுகள் மேசைமேல் கிடந்தன. ஜனவரி நடுவில் புதினம் முடிந்தது. குப்பியில் மையும் தீர்ந்தது. ஒரு குப்பி மையில் அடங்கியது எது என்னும் பொருளில் நூலுக்குத் தலைப்பிடவும் அவர் எண்ணியதுண்டு.

நூலின் முகப்பில் அவர் சொல்லும் செய்தி கவிஞர்கள் கருதத்தக்கது. கோபுரத்தின் இருண்ட மூலையொன்றில், விதி என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்று கையால் செதுக்கப்பட்டிருந்ததைத் தாம் கண்டதாகவும், பின்னர்ச் சுவரைச் சுரண்டியோ வெள்ளை பூசியோ அதை அழித்துவிட்டதாகவும் கூறுகிறார். செதுக்கியவன் மறைந்தான், சொல்லும் மறைந்தது, பேராலயமும் ஒருநாள் மறையலாம். அந்தச் சொல்லின் மீதே இந்நூல் எழுந்தது என்கிறார். ஒரு சுவரின் மீது நிகழ்ந்த சிறு அழிவிலிருந்து நூல் முழுவதும் தொடங்குகிறது.

அடைக்கலம் என்னும் சட்டம்

கதை நிகழும் ஆண்டு 1482. பேராலயத்தின் மணியடிக்கும் குவாசிமோடோ கூனன்; மணியோசையாலேயே செவிடானவன்; ஊரார் அஞ்சி வெறுப்பவன். தெருவில் ஆடிப் பிழைக்கும் எஸ்மெரால்டாவுக்குச் செய்யாத கொலைக்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்படுகிறது. தூக்குமரம் காத்திருக்கும் வேளையில் குவாசிமோடோ அவளைத் தூக்கிக்கொண்டு பேராலயத்தினுள் பாய்கிறான். அடைக்கலம் என்று முழங்குகிறான். இடைக்கால வழக்கப்படி ஆலய எல்லைக்குள் புகுந்தவரை அரசும் தொட இயலாது. வெளியே குற்றவாளி, உள்ளே உயிர். இடையே ஒரு வாசற்படி.

1829இல் மரண தண்டனையை எதிர்த்துக் கதை எழுதியவர்க்கு இக்காட்சி வெறும் கற்பனை நயமன்று. பேராலயத்தின் உட்புறம் எதற்காக உள்ளது என்ற வினாவுக்கு ஹியூகோ தந்த விடை அது. அந்த வளைகூரை யாரையெல்லாம் உள்ளே அனுமதிக்கிறது என்பதைக் கொண்டே அதன் உயரத்தை அவர் அளந்தார். 1833இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, நூலின் பெயரைக் கூனனின் பெயராக மாற்றியது. ஹியூகோ வைத்த பெயரோ கட்டடத்தின் பெயரே. கதையின் தலைவன் அதுதான்.

1832ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்த இயல்களுள் ஒன்று, அச்சு நூல் கட்டடக் கலையைக் கொன்றுவிடும் என்னும் கருத்தை விரித்துரைக்கிறது. அச்சு வருமுன் மாந்தர் தம் பெரும் எண்ணங்களைக் கல்லில் எழுதினர். குட்டன்பெர்குக்குப் பின் அவ்வெண்ணங்கள் தாளுக்குக் குடிபெயர்ந்தன. கட்டடக் கலை உயிரிழந்தது. இதுவே அங்குள்ள வாதம். அவருடைய நூல் செய்த வேலையோ அவர் வாதத்துக்கு நேர்மாறானது. நூலைப் படித்தோர் கட்டடத்தைப் பார்க்க வந்தனர். பார்த்தோர் அதன் நிலை கண்டு வருந்தினர். தாளில் அச்சான சொல் கல்லின் உதவிக்கு வந்தது.

தூரத்தில் நிகழ்ந்த திருப்பணி

பழங்கட்டடங்களுக்கென ஓர் ஆய்வாளர் பதவியை 1830இல் அமைச்சர் கிசோ ஏற்படுத்தியிருந்தார். 1834இல் எழுத்தாளர் மெரிமே அப்பதவிக்கு வந்தார். 1835இல் அமைந்த கலை, நினைவுச்சின்னங்களுக்கான குழுவில் ஹியூகோவும் உறுப்பினரானார். 1840இல் ரைன் ஆற்றங்கரைப் பயணத்தில் கொலோன் பேராலயத்தைக் கண்டார். கட்டி முடியாத அதன் கோபுரத்தின் மேல் இடைக்காலத்துப் பாரந்தூக்கி அப்போதும் நின்றிருந்தது.

1843 செப்டம்பரில் அவர் வாழ்வில் இடி விழுந்தது. மூத்த மகள் லெயோபோல்தீன், மணமாகிச் சில திங்களே ஆன நிலையில், வில்கியே என்னும் ஊரருகே செய்ன் ஆற்றில் படகு கவிழ்ந்து கணவருடன் இறந்தார். பயணத்திலிருந்த தந்தை ஐந்து நாட்கள் கழித்து, ரோஷ்ஃபோர் நகரில் செய்தித்தாள் ஒன்றைப் படித்தே அதை அறிந்தார். அதன்பின் நெடுங்காலம் அவர் புதிய நூல் எதையும் வெளியிடவில்லை.

நோத்ர தாமைப் புதுப்பிக்கும் பணி 1844இல் லாசூஸ், வியோலே-லெ-டுக் என்னும் இரு கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டு 26 இலட்சத்து 50 ஆயிரம் ஃபிராங்கு ஒதுக்கப்பட்டது. புதினம் வந்தபோது வியோலே-லெ-டுக் 17 வயது இளைஞர். 1857இல் லாசூஸ் மறைந்தபின் அவரே தனித்துப் பணியைத் தொடர்ந்தார். பளிங்குப் போர்வை நீங்கியது. முகப்பில் மன்னர் சிலைகள் மீண்டும் எழுந்தன. 1859இல் புதிய ஊசிக்கோபுரம் நின்றது. கோபுரங்களின் நடுவே கன்னத்தில் கைவைத்து நகரை நோக்கும் கோர உருவங்கள் இடைக்காலத்தவை அல்ல. இந்தத் திருப்பணியில் புதியனவாகச் செதுக்கப்பட்டவை. ஹியூகோவின் புதினம் வளர்த்த கற்பனைக்கு அவை கல்லில் அமைந்த விடை. 1864 மே 31ஆம் நாள் பேராலயம் மீண்டும் திருநிலைப்படுத்தப்பட்டது.

அந்நாளில் ஹியூகோ பிரான்சில் இல்லை. மன்னரின் கவிஞராகத் தொடங்கிய அவர், 1848க்குப் பின் குடியாட்சியின் பக்கம் முழுமையாக வந்திருந்தார். 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது எதிர்த்து நின்று, நாட்டை விட்டுத் தப்பினார். முதலில் பிரசல்ஸ், பிறகு ஜெர்சித் தீவு, அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டு 1855 முதல் கெர்ன்சித் தீவு. 1859இல் அரசு பொதுமன்னிப்பு அறிவித்தும் அவர் திரும்பவில்லை. அடைக்கலத்தைப் பற்றி எழுதியவர் அடைக்கலம் நாடி வாழ்ந்தார்.

கெர்ன்சியில் வாங்கிய வீட்டின் உட்புறத்தை அவர் தம் கையால் திட்டமிட்டு அமைத்தார். பழைய ஓக் மரப் பெட்டிகளையும் செதுக்கிய பலகைகளையும் தேடி வாங்கிப் பிரித்து, சுவர்களிலும் கதவுகளிலும் இணைத்தார். கீழ்த்தள அறைகள் கோதிக் ஆலயத்தின் இருட்டைப் பெற்றன. படியேறினால் உச்சியில் கடலை நோக்கிய கண்ணாடி அறை. அங்கே நின்றபடியே எழுதுவார். இருளிலிருந்து ஒளிக்கு ஏறும் அந்த வீடு, நுழைய முடியாத பேராலயத்தை நினைவால் மீட்டெடுத்தது போல் அமைந்தது. ஓய்ந்த வேளைகளில் எழுதும் மையைக் கொண்டே கோபுரங்களையும் பாழடைந்த கோட்டைகளையும் வரைந்தார்.

கல்லா, மனிதனா

பேரரசு வீழ்ந்ததும் 1870 செப்டம்பர் 5ஆம் நாள், 19 ஆண்டுகளுக்குப் பிறகு, ஹியூகோ பாரிசுக்குத் திரும்பினார். மறு ஆண்டு மார்ச்சில் மகன் ஷார்ல் இறந்தார். இறுதி ஊர்வலம் நடந்த மார்ச் 18ஆம் நாளே பாரிஸ் கம்யூன் கிளர்ச்சி வெடித்தது. மகனின் குடும்ப விவகாரங்களுக்காக ஹியூகோ பிரசல்ஸ் சென்றார்.

மே மாத இறுதியில் அரசுப் படை பாரிசுக்குள் புகுந்து கிளர்ச்சியாளரை ஆயிரக்கணக்கில் கொன்றது. தோல்வியின் வெறியில் கிளர்ச்சியாளர் நகர மண்டபம் முதலியவற்றுக்குத் தீயிட்டனர். நோத்ர தாமின் உள்ளேயும் இருக்கைகளைக் குவித்துத் தீ மூட்டினர். அருகிலிருந்த மருத்துவமனையின் இளம் மருத்துவர்கள் விரைந்து வந்து அதை அணைத்தனர். ஹியூகோ வாழ்நாளெல்லாம் எதற்காக வாதாடினாரோ அதுவே எரியத் தொடங்கிய வாரம் அது.

அதே வாரத்தில் பெல்ஜிய அரசு, தப்பி வரும் கிளர்ச்சியாளர்க்கு நாட்டில் இடமில்லை என அறிவித்தது. ஹியூகோ அவர்களின் தீவைப்பைக் கண்டித்தவர். ஆயினும் தோற்று ஓடி வருவோர்க்குத் தம் வீட்டின் கதவு திறந்திருக்கும் என்று செய்தித்தாளில் வெளிப்படையாக எழுதினார். அன்றிரவே ஒரு கூட்டம் அவர் வீட்டைக் கல்லால் அடித்தது. உள்ளே பேரக் குழந்தைகள் இருந்தனர். சில நாட்களில் பெல்ஜிய அரசு அவரையும் நாட்டை விட்டு வெளியேற்றியது.

புதினம் எழுதி நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த சோதனை இது. பேராலயத்தின் மீது கொண்ட அன்பு கல்லின் மீது மட்டும் கொண்ட அன்பாக இருந்திருந்தால், அதற்குத் தீயிட்டவரின் தோழர்க்கு அவர் கதவைத் திறந்திருக்க மாட்டார். குவாசிமோடோ முழங்கிய சொல்லைக் கதையாசிரியர் தம் வாசலில் நின்று கூறினார்.

இறுதி நுழைவு

1885 மே 22ஆம் நாள் ஹியூகோ மறைந்தார். இறைவனிடம் நம்பிக்கை உண்டு, எல்லா உயிர்களின் வேண்டுதலும் தேவை, எந்தத் திருச்சபையின் சடங்கும் வேண்டா என்பது அவர் விருப்பம். ஏழைகளுக்கு 50,000 ஃபிராங்கு அளிக்கவும், ஏழைகளின் வண்டியிலேயே தம்மைக் கொண்டு செல்லவும் எழுதி வைத்திருந்தார். இறுதி வேளையில் பாரிஸ் பேராயர் தாமே வர முன்வந்தபோதும் குடும்பத்தார் நன்றியுடன் மறுத்தனர். நோத்ர தாமை மீட்டவரின் உடல் நோத்ர தாமுக்குள் செல்லவில்லை.

ஜூன் முதல் நாள் வெற்றி வளைவிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் சூழ உடல் பாந்தியோனுக்குச் சென்றது. அதுவரை ஆலயமாக இருந்த அந்தக் கட்டடம், அவரை அடக்கம் செய்வதற்கென்றே நாட்டின் பெரியோர்க்குரிய நினைவிடமாக மீண்டும் மாற்றப்பட்டது. அதைக் கட்டியவர் நோத்ர தாமின் வாயில் தூணை அகற்றிய அதே சூஃப்ளோ. அக்கட்டடத்தைக் கல்லால் செய்த இனிப்புப் பண்டம் என்ற கருத்தில் ஹியூகோ தம் புதினத்தில் எள்ளி நகையாடியிருந்தார். அங்கேயே அவர் துயில்கிறார். அவர் கோரிய சட்டம், வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் பிரான்சின் முதற் சட்டம், அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து 1887 மார்ச் 30ஆம் நாள் பிறந்தது.

2019 ஏப்ரல் 15ஆம் நாள் மாலை நோத்ர தாமின் கூரையில் தீப்பற்றியது. இடைக்கால ஓக் மரங்களாலான கூரைச்சட்டம் எரிந்தது. வியோலே-லெ-டுக்கின் ஊசிக்கோபுரம் முறிந்து வளைகூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. விலா வளைவுகள் பெரும்பகுதியைத் தாங்கி நின்றன. மூன்று ரோஜாச் சாளரங்களும் தப்பின. அடுத்த சில நாட்களில் பிரான்சில் மிகுதியாக விற்ற நூல் ஹியூகோவின் புதினமே. ஐந்தாண்டுப் பணிக்குப் பின் 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. கரியும் தூசும் நீங்கி, உட்புறக் கற்கள் பல தலைமுறையினர் கண்டிராத வெளிர் நிறத்தில் ஒளிர்கின்றன.

கட்டடம் எரியும்போது மக்கள் புத்தகத்தைத் தேடிச் சென்றதை எண்ணிப் பார்க்க வேண்டும். கவிஞனின் கையில் கற்களில்லை; ஒரு குப்பி மை இருந்தது. ஒரு சுவரின் முன் நின்று, அதில் இருந்ததையும் அழிந்ததையும் அவன் உற்றுப் பார்த்தான். பார்த்ததைப் பிறரும் பார்க்குமாறு எழுதினான். அதன்பின் கொத்தரும் தச்சரும் கண்ணாடி வினைஞரும் வந்தனர். எழுத்து அவர்களுக்கு முன்னே சென்று வாசலைத் திறந்து வைத்தது.